சாரம் கட்டிய ஆள் ஏன் வெள்ளையானான்?

கல்முனையில் என் மருமகன், 'ஜிடிஏ சான் அன்ட்ரியாஸ்' கேமில் தெருவில் போகும் ஒருவனுக்குச் சாரம் கட்டிவிட்டான். கேமைத் திறந்தால் ஆள் சுண்ணாம்பு பூசின மாதிரி நிற்கிறான். "மாமா, வைரஸா?"

இல்லை. 'டிஎஃப்எஃப்' கோப்பில் உடலும் எலும்பும். 'டிஎக்ஸ்டி' கோப்பில் தோலும் துணியும். உடல் தன் துணியைப் பெயர் சொல்லித்தான் தேடும். மருமகன் துணியின் படத்துக்கு வேறு பெயர் வைத்திருந்தான். ஓரெழுத்து பிசகினாலும் வெள்ளைதான்.

இப்படிக் கேமை மாற்றும் கோப்புகளை, அதாவது மொட்களை, இன்ஸ்டால் செய்யும் தொல்லை தனி. 2005இல் முதல் கணினிப் பதிப்பில் ஒளிந்திருந்த ஆபாசக் காட்சியை ஒரு மொட் திறந்துவிட, கேமைச் செய்த ராக்ஸ்டார் நிறுவனம் திருத்திய பதிப்பை விட்டது. பழைய பதிப்பின் நினைவக முகவரிகளை நம்பிய மொட்கள் அதில் படுத்துவிடும்.

மருமகன் படத்தின் பெயரைத் திருத்தினான், சாரத்தின் கட்டம் தெரிந்தது. ஓடும்போது மட்டும் ரப்பராய் இழுபடுகிறது. துணி இரு கால் எலும்புகளிலும் ஒட்டியிருக்கிறதே!