தெளிந்த தண்ணீரில் பட்டினி

புனேயில் கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்பட்டுக் கடைக்குப் போனால், மீனுக்கு அடுத்தபடியாகக் காட்டப்படும் உயிர் ஃபெதர் டஸ்டர் புழு. தோல்போன்ற குழாய், அதன் வாயில் விரிந்து நிற்கும் பழுப்பும் வெள்ளையுமான இறகுக் கொத்து. மீனைப்போல் சண்டை போடாது. பவளத்தைப்போல் பளீரென்ற வெளிச்சம் கேட்காது. அதனால் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு ஏற்றது என்று விற்கிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். இந்தப் புழு சுலபமாக வாழ்வதில்லை, மெதுவாகச் சாகிறது. மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு சாவதால் பலருக்குக் காரணமே தெரிவதில்லை.

காரணம் பட்டினி. இது சாப்பிடும் விதத்தைப் பார்த்தால் புரியும். இறகுகளில் உள்ள நுண்மயிர்கள் ஓயாமல் அடித்துத் தண்ணீரை இழுக்கின்றன. அதில் வரும் துகள்கள் இறகின் நடுவே ஓடும் பள்ளத்தில் அளவுவாரியாகப் பிரிகின்றன. பொடியானவை வாய்க்குப் போகும். பெரியவை வெளியே தள்ளப்படும். நடுத்தரத் துகள்களை வாய்க்குக் கீழேயுள்ள சிறு பைகளில் சேர்த்து, சளியோடு குழைத்து, குழாயின் விளிம்பில் சுற்றிச் சுற்றிப் பூசுகிறது புழு. வீடு வளர்வது அப்படித்தான். இதன் ஐரோப்பிய உறவான சாபெல்லா புழுவை ஆராய்ந்து எடித் நிக்கல் 1930-லேயே இதையெல்லாம் விவரமாக எழுதிவிட்டார்.

நம் தொட்டியிலோ ஸ்கிம்மரும் ஃபில்டரும் இரவு பகலாக அந்தத் துகள்களைத்தான் அரித்து எடுக்கின்றன. தண்ணீர் எவ்வளவு தெளிவோ, புழுவுக்கு அவ்வளவு பஞ்சம். இறகுக் கொத்து மாதத்துக்கு மாதம் சிறுத்துக்கொண்டே போகும். குழாய் மட்டும் கம்பீரமாக நிற்கும். நானோக்ளோராப்சிஸ் போன்ற நுண்பாசியை வாரத்தில் சில நாட்களாவது கொடுக்க வேண்டும். ஸ்கிம்மரை அரைமணி நேரம் நிறுத்தி, நீரோட்டத்தைக் குறைத்து, இறகுக்குச் சற்று முன்னால் மெல்ல விடுங்கள். நேராகப் பீய்ச்சினால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். குறைந்தது ஆறு மாதம் ஓடி, பாறையிலும் மணலிலும் உயிர் பிடித்த தொட்டியாக இருந்தால் நல்லது.

அடுத்தது புனேயின் தண்ணீரும் வெயிலும். கடக்வாஸ்லா அணையிலிருந்து வரும் மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். டேங்கர், போர்வெல் தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆர்.ஓ. தண்ணீரில்தான் உப்பைக் கரைக்க வேண்டும்: 200 லிட்டருக்குச் சுமார் 7 கிலோ. ஏப்ரல், மே வெயிலில் காற்று வறண்டிருப்பதால், தொட்டியின்மேல் ஒரு சின்ன மின்விசிறி வைத்தாலே சூடு நன்றாக இறங்கும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு, உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்ற வேண்டும். ஜூனில் மழை பிடிப்பதற்கு முன் புழுங்கும் நாட்களில் மின்விசிறி கைகொடுக்காது, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வேண்டும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் தாமிரம் கலந்த மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றவே கூடாது, புழு பிழைக்காது.

இறகுக் கொத்து உதிர்ந்துவிட்டால் செத்துவிட்டது என்று குழாயோடு எறிபவர்கள் உண்டு. அவசரப்படாதீர்கள். சூழல் பிடிக்காதபோது புழு தானே கொத்தை உதிர்க்கும். உடம்பில் தெம்பிருந்தால் சில வாரங்களில் சிறிதாக ஒன்று முளைக்கும். அழுகல் நாற்றம் வந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள்.

எங்கிருந்து பிடித்தது என்று கேட்பதும் நம் கடமை. குழாயின் அடி பாறை இடுக்கில் ஆழமாகப் பதிந்திருக்கும்; முழுசாக எடுக்கப் பாறையை உடைப்பார்கள். ஹவாயில் இப்படிப் பெருமளவில் பிடிக்கப்பட்ட சாபெல்லாஸ்டார்ட்டே என்ற ஃபெதர் டஸ்டர் இனத்தைப் பண்ணையில் வளர்க்க வழிதேடி, அதன் இளம்பருவ வளர்ச்சியை 2006-இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். இங்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஃபெதர் டஸ்டரின் உறவான கிறிஸ்துமஸ் மரப் புழு உயிருள்ள பவளத்துக்குள்ளேயே குழாய் அமைத்து வாழ்வது. அதை யாராவது விற்க வந்தால், விற்பது பவளத்தையும் சேர்த்துத்தான். வாங்காதீர்கள்.

ஃபெதர் டஸ்டர் வாங்கியே தீருவதென்றால், கடைத் தொட்டியில் ஒரு வாரமாவது இருந்ததா என்று கேளுங்கள். கையால் நிழல் காட்டுங்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளே போக வேண்டும், சில நிமிடங்களில் முழுசாக விரிய வேண்டும். குழாயின் அடி கிழிந்திருந்தால் வேண்டாம்.