வீட்டு விவரங்களுக்கு ஒரு கணிப்பொறிக் குறிப்பேடு

ரயில்வேயில் ஒரு செக்‌ஷனிலிருந்து மாற்றலாகிப் போகிறவர், அடுத்து வருபவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது சார்ஜ் நோட் ஒன்று எழுதிக் கொடுப்பது வழக்கம். ஸ்டோரில் உள்ள சாமான்கள், பதில் போடாத கடிதங்கள், மழைக்காலத்தில் எந்தப் பாலத்தருகே கண் வைத்திருக்க வேண்டும் என்பது வரை அதில் இருக்கும். ஆனால் முப்பது நாற்பது வருடம் குடும்பத்தை நடத்திய நம்மில் எத்தனை பேர் வீட்டுக்கென்று அப்படி ஒன்று எழுதி வைத்திருக்கிறோம்? பென்ஷன் உத்தரவு எண், ரயில்வே மருத்துவ அட்டை எண், கேஸ் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, எந்த வங்கியில் லாக்கர் என்பதெல்லாம் பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒருவர் தலைக்குள்தான் இருக்கின்றன. அவர் திடீரென்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் மனைவியும் மக்களும் பீரோவைக் கவிழ்த்துத் தேட வேண்டியதுதான்.

ஊரை விட்டு வந்த நமக்கு இது இரட்டைச் சிக்கல். ஊரிலுள்ள பூர்வீக வீட்டின் வரி ரசீது, நிலத்தின் பட்டா எண், குத்தகைக்காரரின் தொலைபேசி, குலதெய்வக் கோயிலுக்கு எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்ற வழி, இத்தனையும் சேர்ந்துகொள்கின்றன. இவற்றை டைரியில் தமிழில் எழுதி வைத்தவர்களும் உண்டு. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்களே தவிர, படிக்க வராது. அச்செழுத்தே தடுமாற்றம் என்றால் அப்பாவின் கையெழுத்தை என்ன செய்வார்கள்?

இதற்கு வீட்டுக் கணிப்பொறியில் ஒரு குறிப்பேட்டு மென்பொருளை நிறுவி வைத்துக்கொள்வது நல்ல வழி. பல உண்டு, நான் சிபாரிசு செய்வது ஜோப்ளின். லாரன்ட் கோசிக் என்பவர் தொடங்கிய இந்த மென்பொருளுக்குப் பெயர் வந்தது ஸ்காட் ஜோப்ளின் (1868–1917) என்ற அமெரிக்க இசையமைப்பாளரிடமிருந்து. இலவசம். மூல நிரல் யாரும் பார்க்கத் திறந்து கிடக்கிறது. எல்லாவற்றையும்விட, எழுதியவை முதலில் நம் கணிப்பொறியிலேயே தங்குகின்றன; இணையம் இல்லாத நேரத்திலும் திறந்து படிக்கலாம், எழுதலாம். நாளை வேறு மென்பொருளுக்கு மாற விரும்பினாலும் நம் குறிப்புகளைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாக வெளியே எடுத்துக்கொள்ளலாம்.

நிறுவுவது கடினமில்லை. விண்டோஸ் 11 உள்ள கணிப்பொறியை வைத்துச் சொல்கிறேன். ஜோப்ளின்ஆப் டாட் ஆர்க் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்துதான் இறக்க வேண்டும். தேடுபொறியில் பெயரைப் போட்டு முதலில் வரும் விளம்பரத்தைத் தட்டுகிற பழக்கம் ஆபத்தானது. இறங்கிய கோப்பை இருமுறை தட்டினால், உங்களுக்கு மட்டுமா, இந்தக் கணிப்பொறியைப் பயன்படுத்தும் எல்லோருக்குமா என்று கேட்கும். உங்களுக்கு மட்டும் என்பதே போதும்.

திறந்தால் திரை மூன்று பாகமாகத் தெரியும். இடது ஓரத்தில் நோட்டுப் புத்தகங்கள், நடுவில் அந்த நோட்டிலுள்ள குறிப்புகளின் தலைப்புகள், வலப்பக்கம் எழுதும் இடம். முதலில் வரவேற்புக் குறிப்புகள் சில இருக்கும், படித்துவிட்டு அழித்துவிடலாம். பிறகு 'பென்ஷன்', 'மருத்துவம்', 'இந்த வீடு', 'ஊர் வீடு' என்று நாலைந்து நோட்டுகள் திறந்தால் போதும். ஆரம்பத்திலேயே முப்பது நோட்டு திறப்பவர்கள் ஒரு மாதத்தில் கைவிட்டு விடுவதைப் பார்க்கிறேன். கண்ட்ரோலும் என்னும் சேர்த்து அழுத்தினால் புதிய குறிப்பு. கண்ட்ரோலும் டீயும் சேர்த்தால், செய்து முடித்ததும் டிக் போடும் கட்டத்துடன் ஒரு வேலைக் குறிப்பு வரும். அதற்கு அலாரமும் வைக்கலாம். நவம்பர் மாத உயிர்ச் சான்றிதழுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

அடுத்தது தமிழ். விண்டோஸ் செட்டிங்ஸில் நேரமும் மொழியும் என்ற பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது விண்டோஸின் திரை மொழியையே மாற்றட்டுமா என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் வேண்டாம். பிறகு தமிழின் விருப்பங்களுக்குள் போய் விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிப்பவர்களுக்கு ஃபொனடிக். புதிதாகக் கற்பவர்களுக்கு தமிழ் 99. இது 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. ஒரு வாரம் பழகினால் விரல் தானே போகும். விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் ஜோப்ளினில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், அப்பியரன்ஸ் என்று போய் அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். நம் வயதுக்கு இது அவசியம்.

தேடுவதில் தமிழுக்கு ஒரு தனி நுணுக்கம் உண்டு. நம் சொற்கள் வேற்றுமை ஏறும்போது உருவம் மாறுகின்றன. 'வீடு' என்று தேடினால் 'வீட்டு வரி' கிடைக்காது. ஆகவே முழுச் சொல்லை அடிக்காமல் இரண்டுக்கும் பொதுவான 'வீட' என்ற பகுதியை மட்டும், முன்னால் ஒரு சாய்கோடு போட்டுத் தேடுங்கள். சாய்கோடு போட்டால் அடித்ததை எழுத்துக்கு எழுத்து அப்படியே, சொல்லின் நடுவில் இருந்தாலும் தேடிக் கொடுக்கும். இன்னொன்றும் செய்யலாம். ஒவ்வொரு குறிப்பின் தலைப்பையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, எண்களையும் பெயர்களையும் பிள்ளைகள் படிக்கக்கூடிய எழுத்தில் ஒருமுறை போட்டுவிடுங்கள். பட்டா, சிட்டா, வில்லங்கம் போன்றவற்றுக்கு ஒரு வரி விளக்கமும் சேர்த்தால் நல்லது. டில்லியில் படித்த பையனுக்குச் சிட்டா என்றால் என்னவென்று எப்படித் தெரியும்?

கைபேசியிலும் மகன் வீட்டுக் கணிப்பொறியிலும் இதே குறிப்புகள் வேண்டுமானால், ஆப்ஷன்ஸில் சிங்க்ரனைசேஷன் என்ற பகுதியில் ஒன்ட்ரைவ் அல்லது டிராப்பாக்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்ட்ரைவில் 5 ஜி.பி. இலவசம், எழுத்துக் குறிப்புகளுக்கு ஆயுள் முழுதும் காணும். அங்கே ஜோப்ளின் உண்டாக்கும் கோப்புறையில் புரியாத பெயர்களில் கோப்புகள் குவியும். சுத்தம் செய்கிறேன் என்று அதில் கை வைக்க வேண்டாம். ஒற்றைப் பாதையில் டோக்கன் வாங்காமல் இரண்டு பக்கமும் வண்டி விடக்கூடாது அல்லவா? அதுபோல ஒரே குறிப்பை இரண்டு கருவிகளில் ஒரே சமயம் திருத்தாதீர்கள். திருத்தினாலும் ஜோப்ளின் எதையும் தூக்கி எறியாது. மோதிய பிரதியை 'கான்ஃப்ளிக்ட்ஸ்' என்ற தனி நோட்டில் போட்டுவிடும். நாம்தான் ஒப்பிட்டுப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

இணையத்துக்கு அனுப்புவதாக இருந்தால் என்க்ரிப்ஷனைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் ஒரு கருவியில் மட்டும் இதைத் தொடங்கி, ஒருமுறை முழுதும் ஒத்திசைந்த பிறகே மற்றக் கருவிகளைச் சேர்க்க வேண்டும். ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு கேட்கும். அதை மறந்தால் ஜோப்ளின்காரர்களாலும் திறந்து தர முடியாது. அதே சமயம் ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்தப் பூட்டு இணையத்தில் போகும் பிரதிக்கு மட்டுமே. உங்கள் கணிப்பொறிக்குள் இருக்கும் பிரதி பூட்டப்படுவதில்லை. உங்கள் கணக்கில் கணிப்பொறியைத் திறந்தவர் யாரும் படிக்கலாம். ஆகவே விண்டோஸுக்குக் கடவுச்சொல் இருக்கட்டும். ஏ.டி.எம். ரகசிய எண், வங்கிக் கடவுச்சொல் ஆகியவற்றை இதில் எழுதவே வேண்டாம். எந்த வங்கி, எந்தக் கிளை, நாமினி யார் என்பது போதும்.

ஒத்திசைவு என்பது காப்புப் பிரதி ஆகாது. ஓரிடத்தில் தவறி அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆல் என்பதில் ஜெக்ஸ் வகையைத் தேர்ந்தெடுத்து, வரும் ஒற்றைக் கோப்பைப் பென் டிரைவில் போட்டு லாக்கரில் வையுங்கள். இந்தக் கோப்புக்கும் பூட்டு கிடையாது. மேஜை மேல் போட்டு வைக்கக் கூடாது. மாஸ்டர் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, பென்ஷன் புத்தகத்தோடு சேர்த்து வைத்து, அது இருக்கும் இடத்தை வீட்டம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அவரையே ஒருமுறை உட்காரவைத்து, குடும்ப பென்ஷனுக்கான குறிப்பை அவராகத் தேடி எடுக்கச் சொல்லிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தில் தலைப்பை மாற்றி எழுத வேண்டும்.