கஞ்சாவை அனுமதித்தால் அடுத்து ஹெராயினா?

கஞ்சாவைச் சட்டம் அனுமதித்துவிட்டால், அதைத் தொட்டவர் நாளை ஹெராயினுக்கும் போதை ஊசிக்கும் போய்விடுவார் என்ற அச்சத்துக்கு ஆய்வுலகில் ஒரு மூலம் உண்டு. 1975இல் அமெரிக்க ஆய்வாளர் டெனிஸ் காண்டெல் பதின்பருவத்தினரின் பழக்கங்களை வரிசைப்படுத்தினார். முதலில் பீர், ஒயின், பிறகு சிகரெட், கடும் மது, அப்புறம் கஞ்சா, கடைசியில் மற்றவை. நம்மூர் விவாதங்களில் முதல் இரண்டு படிகளை யாரும் பேசுவதில்லை. சிவகாசியில் அவை பெட்டிக்கடையிலும் டாஸ்மாக்கிலும் சட்டப்படியே கிடைக்கின்றன.

ஒன்றன்பின் ஒன்று வருவதாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. ஹெராயின் எடுப்பவர்களில் பலர் முன்பு கஞ்சா புகைத்தவர்கள்தான். ஆனால் கஞ்சா புகைத்தவர்களில் பெரும்பாலோர் ஹெராயினைத் தொடுவதில்லை. என் சந்தேகம் விற்பவர்மீதுதான். பொட்டலம் விற்கும் கை மாத்திரையையும் நீட்டலாம். நெதர்லாந்து 1976இல் இந்தத் தொடர்பைத்தான் வெட்டப் பார்த்தது. அங்குள்ள 'காபி ஷாப்'களில் சிறிதளவு கஞ்சா விற்றால் அரசு கண்டுகொள்ளாது. ஹெராயின் விற்றால் கடைக்குப் பூட்டு.

இந்தியாவிலும் பாதி அனுமதி இருக்கிறது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் பூக்கும், காய்க்கும் நுனிகளைத்தான் கஞ்சா என்கிறது. தனி இலை அதில் சேராது. அதனால்தான் உத்தரப் பிரதேசத்தில் இலையில் செய்யும் பாங்குக்கு உரிமக் கடைகள். 2019இல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பில் பாங்கு எடுப்பவர்களே அதிகம்; சிக்கலான பழக்கத்தில் மாட்டிக்கொண்டோர் விகிதமோ கஞ்சா, சரஸ் (கஞ்சாப் பிசின்) புகைப்போரிடம் கூடுதல்.

இருந்தாலும் டாஸ்மாக்கைப் பார்த்த நாம் கஞ்சாக் கடைக்கு அவசரப்பட வேண்டியதில்லை. வருமானம் தரும் கடையை மூட எந்த அரசுக்கும் எளிதில் மனம் வராது.

சிவகாசியின் பட்டாசு ஆலைகளுக்கோ கவலை வேறு. உராய்வே தீயாகும் இடம் அது. மது சட்டப்படி கிடைத்தாலும், போதையில் இருப்பவரை உள்ளே விட 2008 வெடிபொருள் விதிகள் இடம்தருவதில்லை. கஞ்சாவை அனுமதித்தாலும் வெடிமருந்து செலுத்தும் அறைக்கு அதே விதிதான். ஆனால் எப்படிக் கண்டுபிடிப்பது? குடித்தவரை ஊதச் சொல்லலாம். கஞ்சாவின் தடமோ சிறுநீரில் பல நாள் தங்கும். வேலை நேரத்தில் போதை இருந்ததா என்று அது சொல்லாது.

இப்போதைய சட்டப்படி 1 கிலோ வரை கஞ்சா 'சிறு அளவு'. அதற்கே ஓராண்டு வரை கடுங்காவல், 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழக்கத்துக்கு அடிமையானவர் சிறு அளவோடு பிடிபட்டாலும், தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சையை முடித்தால், 64ஏ பிரிவு அவருக்கு வழக்கிலிருந்து விலக்கு தருகிறது.