தூமோன் வளைகுடா: மணலுக்கு அடியில் ஒரு மூதூர்

(நமது நிருபர்)

மெரைன் டிரைவ் வளைவில் மாலைக் காற்று வாங்கிப் பழகிய மும்பைத் தமிழர்களுக்குத் தூமோன் வளைகுடாவை மனக்கண்ணில் காண்பது சிரமமல்ல. அதே பிறை வடிவம். கரையோரம் வரிசையாக உயர்ந்த மாடிக் கட்டடங்கள். எதிரே பசிபிக் மாக்கடல்.

தேசப்படத்தில் பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே சிறு புள்ளியாகத் தெரியும் குவாம் தீவில் இருக்கிறது இந்த எழில்மிகு குடா. தீவின் நீளமே சுமார் 48 கிலோமீட்டர்தான். ரயிலே ஓடாத ஊர்! 1898-ல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா வசம் வந்தது. இடையே 1941 முதல் 1944 வரை ஜப்பானியர் பிடியில் இருந்தது.

கடலுக்குள் ஒரு வேலி

கரைக்குச் சற்றுத் தொலைவில் பவளப்பாறைத் திட்டு வேலி போல் நிற்கிறது. பேரலைகள் அதில் மோதி நுரைத்து அடங்கிவிடும். உள்ளே நீர் பளிங்கு போலத் தெளிவு. வற்று நேரத்தில் முழங்காலளவு ஆழத்தில் நெடுந்தூரம் நடக்கலாம். 1997-ல் இது கடல்வளக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. இப்போது கரையில் நின்று தூண்டிலோ வீச்சு வலையோ போட்டுச் சில வகை மீன்களைப் பிடிக்க மட்டுமே அனுமதி உண்டு.

யாருடைய ஊர்?

சுமார் மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தோணியேறி வந்து மரியானாத் தீவுகளில் குடியேறியவர்கள் சமோரோ மக்கள். அவர்களுடைய கிராமங்கள் தூமோன் கரையில் இருந்தன. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்தூண் நட்டு, அதன் தலையில் கிண்ணம் போன்ற கல்லை ஏற்றி, இரு வரிசைத் தூண்களின்மேல் வீடு கட்டினார்கள். 'லத்தே' என்று பெயர். இறந்தவர்களைத் தூரத்தில் கொண்டுபோய்ப் புதைப்பதில்லை. வீட்டின் அருகிலேயே, அடியிலேயே அடக்கம் செய்தார்கள்.

1967-ல் ஜப்பானியச் சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கினர். ஓட்டல்கள் எழுந்தன. அஸ்திவாரம் தோண்டிய இடங்களில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பலவற்றின் பற்களில் வெற்றிலைக் காவி! வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு சேர்த்து மெல்லும் வழக்கம் இன்றும் அங்கே உண்டு. அந்தப் பற்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு எங்கள் பாட்டியின் சிரிப்புதான் நினைவுக்கு வந்தது.

சுற்றுலாவே அத்தீவுக்குச் சோறு போடுகிறது. அந்தச் சோறு முன்னோர் துயிலும் மண்மேல் பரிமாறப்படுகிறது என்பதுதான் சமோரோ மக்களின் சங்கடம்.

பாதிரியாரும் மதபாங்கும்

ஓட்டல்கள் நிறைந்த பெருஞ்சாலைக்கு ஸ்பானியப் பாதிரியார் சான் விதோரெஸ் பெயர். அருகிலுள்ள கடற்கரைப் பூங்காவுக்கு மதபாங் என்ற சமோரோ தலைவரின் பெயர். தன் சம்மதமின்றித் தன் குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்துவைத்தார் என்பதற்காகப் பாதிரியாரை 1672 ஏப்ரல் 2-ல் கொன்றவர் இதே மதபாங்! கரையில் பாதிரியாருக்கு நினைவுச் சின்னமும் உண்டு. பின்னர் சண்டைகளாலும் அந்நியர் கொணர்ந்த நோய்களாலும் சமோரோ மக்கள் சில ஆயிரமாகக் குறைந்தனர். இருவர் பெயரையும் ஒரே கரையில் வைத்திருப்பதிலிருந்தே அவர்கள் வரலாற்றின் சிக்கல் விளங்கும்.

வடகோடியில் சுமார் 400 அடி உயரச் செங்குத்துப் பாறை. கட்டாயக் கல்யாணத்துக்கு அஞ்சிய பெண்ணும் அவள் காதலனும் கூந்தலை ஒன்றாக முடிந்துகொண்டு இங்கிருந்து குதித்தார்கள் என்பது கர்ண பரம்பரைக் கதை. உச்சியில் நின்றால் குடா முழுவதும் கண்கொள்ளாக் காட்சி.

செல்ல விரும்புவோருக்கு

அமெரிக்க விசா அவசியம். மணிலா அல்லது டோக்கியோ வழியாக விமானம் உண்டு. கடிகாரத்தை நான்கரை மணி முன்னே தள்ளிக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. அங்கே 'ஹாஃபா அடேய்' என்று யாராவது சொன்னால், அதட்டுகிறார்கள் என்று கோபிக்க வேண்டாம். அது அவர்களுடைய வணக்கம்.

இன்னொன்று. காட்டுக்குள் காலடி வைக்குமுன், "பாட்டி, தாத்தா, அனுமதி தாருங்கள்" என்று முன்னோரிடம் கேட்பது சமோரோ மக்களின் மரபு. தூமோன் மணலில் துண்டை விரிக்குமுன் நாமும் மனத்துக்குள் ஒருமுறை கேட்டுவிடலாம்.