ஒரு வளையச் சாலையும் நூறு ஏக்கரும்

2023 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் ஹைதராபாத்தின் மேற்குப் புறத்தில் கோகாபேட்டை நிலம் ஏலத்துக்கு வந்தது. விற்றது ஹைதராபாத் பெருநகர வளர்ச்சி ஆணையமான எச்.எம்.டி.ஏ. சுமார் 45 ஏக்கருக்கு 3,319 கோடி ரூபாய் கிடைத்தது. ஒரு மனை மட்டும் ஏக்கருக்கு 100 கோடியே 75 லட்சம் என்ற விலைக்குப் போனது. நாடே அதைப் பற்றிப் பேசியது.

அதே மாதம் அதே ஆணையத்துக்கு இன்னொரு தொகையும் வந்து சேர்ந்தது. நகரைச் சுற்றி ஓடும் 158 கிலோமீட்டர் நேரு வெளிவட்டச் சாலையில் முப்பது ஆண்டுகள் சுங்கம் வசூலித்துக்கொள்ளும் உரிமைக்காக, ஐ.ஆர்.பி. நிறுவனம் 7,380 கோடியை மொத்தமாகக் கட்டியது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள். கோகாபேட்டை ஏலத்தின் சராசரி, ஏக்கருக்கு 73 கோடி. அப்படியென்றால் எட்டு வழிச் சாலை முழுவதும் முப்பது ஆண்டுகளில் ஈட்டப்போகும் சுங்கத்துக்குக் கிடைத்த விலை, அந்தச் சாலையை ஒட்டிய நூறு ஏக்கர் நிலத்தின் விலைக்குச் சமம். சாலை இல்லாவிட்டால் கோகாபேட்டை இன்னும் பாறையும் புதருமாகத்தான் கிடந்திருக்கும். சாலைக்குப் பணம் போதவில்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது.

வெளிவட்டச் சாலை பிறந்ததே பற்றாக்குறையில்தான். கச்சிபௌலியிலிருந்து புதிய விமான நிலையம் வரவிருந்த சம்ஷாபாத் வரை முதல் 24 கிலோமீட்டரை அரசுத் தரப்பே நேரடியாகச் செலவழித்துப் போட்டது. அடுத்த 62 கிலோமீட்டருக்குக் கையில் காசில்லை. தனியார் நிறுவனங்கள் தங்கள் பணத்தில் கட்டட்டும், ஆண்டுதோறும் நிலையான தவணையாகத் திருப்பித் தருகிறோம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். ஆன்யுட்டி என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். மீதி 71 கிலோமீட்டருக்கு ஜப்பானின் ஜைக்கா அமைப்பு கடன் தந்தது. மூன்று வகைப் பணம் சேர்ந்து ஒரு வட்டமானது. கண்ட்லகோயா சந்திப்பில் நில வழக்குகளால் தடைப்பட்டிருந்த கடைசித் துண்டும் 2018-இல் திறக்கப்பட்டு வட்டம் முழுமை பெற்றது.

கட்டி முடித்த சாலையை 2023-இல் ஏன் குத்தகைக்கு விட்டார்கள்? இதில் இருப்பது மாந்தோப்புக் குத்தகைக் கணக்குதான். முப்பது வருஷ விளைச்சலுக்கும் சேர்த்து முதல் நாளே பணத்தை வாங்கிக்கொண்டால், வாங்கியவருக்கு அவசரத் தேவை தீரும். பிறகு தோப்பில் எவ்வளவு காய்த்தாலும் அது குத்தகைதாரருக்கு. மத்திய அரசும் தேசிய நெடுஞ்சாலைகளை இந்த முறையில் விடுகிறது. முறையை நான் குறை சொல்லவில்லை. வந்த பணத்தை அடுத்த சாலைக்குப் போட்டால், ஒரு சாலை இன்னொன்றைப் பெற்றெடுத்ததாகும். இங்கே அது மாநிலக் கருவூலத்துக்குப் போனது. தேர்தல் ஆண்டு அது. பயிர்க்கடன் தள்ளுபடிக்கு அந்தப் பணம் கைகொடுத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. கடனில் தவித்த விவசாயிக்குக் கிடைத்த நிவாரணத்தை யாரும் பழிக்க முடியாது. ஆனால் அந்த ஒரு முறை உதவிக்காக முப்பது ஆண்டு வருமானம் கையை விட்டுப் போயிற்று. குத்தகை விலை குறைவு என்று அப்போது எதிர்க்கட்சியில் இருந்து குற்றம் சாட்டிய ரேவந்த் ரெட்டி, முதல்வரான பின் விசாரணைக்கு உத்தரவிட்டார். இதற்கிடையே 2025 ஏப்ரலில் கார்களுக்கான சுங்கம் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 34 காசிலிருந்து 2 ரூபாய் 44 காசானது. இப்படி ஏறிக்கொண்டே போகும் சுங்கத்தை 2053 வரை கட்டப்போகிறவர்கள் பலர் இன்னும் பிறக்கவே இல்லை.

நகரின் கிழக்கே போனால் பணம் நடுவழியில் நின்றால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கலாம். வாரங்கல் நெடுஞ்சாலையில் உப்பல் முதல் நாரபள்ளி வரை ஆறு கிலோமீட்டருக்கு மேம்பாலம் என்று 2018-இல் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அடிக்கல் நாட்டினார். யாதகிரிகுட்டா நரசிம்மரைத் தரிசிக்கப் போகிறவர்களுக்கும் அதுதான் வழி. தூண்கள் எழுந்தன. பிறகு ஒப்பந்ததாரர் நிதி நெருக்கடியில் விழ, வேலை முடங்கியது. ஆண்டுக் கணக்கில் தலைக்கு மேலே பாதிப் பாலமும் கீழே குண்டும் குழியுமான சாலையுமாக போடுப்பல், பீர்ஜாதிகூடா, மேடிபள்ளி மக்கள் தூசியைத் தின்றார்கள். கடைக்காரர்களுக்கு வியாபாரம் போனது. கடைசியில் பழைய ஒப்பந்தம் ரத்தாகிப் புதிதாக டெண்டர் விட வேண்டியதாயிற்று. தாமதமான ஒவ்வொரு ஆண்டும் சிமென்ட், இரும்பு, கூலி எல்லாம் ஏறும். பற்றாக்குறையைச் சும்மா விட்டால் அது வளரும்.

ஹைதராபாத் மாநகராட்சி வேறொரு கதவையும் தட்டிப் பார்த்தது. மேம்பாலங்களுக்காகக் கடன் பத்திரம் வெளியிட்டது. 2018 பிப்ரவரியில் 200 கோடி, வட்டி 8.90 சதவீதம். அதே ஆண்டு ஆகஸ்டில் 195 கோடி, 9.38. மறு ஆண்டு 100 கோடி, 10.23. வட்டி படியேறியதைப் பாருங்கள். பாலங்களில் சுங்கம் இல்லாததால், இதை அடைப்பது மாநகராட்சியின் பொது வருமானம்தான். அதாவது சொத்து வரி கட்டும் எல்லோரும். நம் மதுரை இதை முன்னமே வேறு விதமாகச் செய்தது. 27 கிலோமீட்டர் சுற்றுச் சாலைக்கு வாங்கிய கடனை, 2001 வாக்கில் 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் விட்டுக் குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொண்டது மதுரை மாநகராட்சி. அந்தச் சாலையின் சுங்கமே அதற்கு ஆதாரம். அளவில் சிறியது, ஆனாலும் சாலையின் கடனைச் சாலையே அடைத்தது.

இன்னும் மேலான வழி அகமதாபாத்தில் இருக்கிறது. அங்கே 76 கிலோமீட்டர் சர்தார் படேல் வளையச் சாலைக்கு நிலத்தைப் பெருமளவு நகரமைப்புத் திட்டங்கள் வழியாகவே எடுத்தார்கள். ஒரு பகுதியின் நிலங்களை எல்லாம் சேர்த்து, சாலைக்கு வேண்டியதை ஒதுக்கி, மிச்சத்தைச் சீரான மனைகளாக்கி அந்தந்த உரிமையாளருக்கே திருப்பிக் கொடுப்பார்கள். பரப்பு குறையும், மதிப்பு பல மடங்காகும். ஏறிய மதிப்பில் ஒரு பங்கை நகரம் கட்டணமாக வாங்கிக்கொள்ளும். சாலையால் லாபம் அடைகிறவரே சாலைக்குத் தருகிறார். நிலம் கொடுத்தவர் வெறுங்கையோடு போவதும் இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், ஹைதராபாத் இப்போது இன்னும் பெரிய வட்டம் ஒன்றைப் போடத் தயாராகிறது. வட்டார வளையச் சாலையின் வடக்குப் பாதி சங்காரெட்டியில் தொடங்கி நர்சாபூர், தூப்ரான், கஜ்வேல், புவனகிரி வழியாகச் சவுட்டுப்பல் வரை 161 கிலோமீட்டர். 2024 டிசம்பரில் 7,104 கோடி மதிப்பில் டெண்டர் கோரப்பட்டது. நிலத்துக்கான செலவில் மத்திய அரசும் மாநிலமும் பாதிப் பாதி. அதற்கு முன்பே மின்கம்பங்களையும் குழாய்களையும் இடம் மாற்றும் செலவு யாருடையது என்ற சச்சரவில் மாதக்கணக்கில் கோப்பு நகரவில்லை. திட்டத்தின் அளவுக்கு அது சின்னத் தொகை. 2024 பிப்ரவரியில் முதல்வர் டெல்லி போய் கட்கரியைச் சந்தித்த பிறகுதான் அதை ஏற்க மத்திய அரசு சம்மதித்தது.

நிலம் இழப்பவர்களின் கதை அப்படி எளிதில் தீரவில்லை. புவனகிரியை அடுத்த ராயகிரி விவசாயிகள் இழப்பீடு போதாது என்று போராடினார்கள். 2023-இல் அவர்களில் சிலரைக் கைவிலங்கிட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது மாநிலத்தையே அதிரவைத்தது. அவர்கள் கேட்டது சலுகை அல்ல. தங்கள் நிலத்தின் மேல் சாலை போனால் பக்கத்து நிலம் கோடிகளுக்கு விற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். கோகாபேட்டையை அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கோகாபேட்டையில் ஏலம் விட்ட நிலம் ஆணையத்தின் கையில் இருந்ததால் ஏறிய மதிப்பு பொதுப் பணமாயிற்று. வடக்கு வட்டத்தில் பெரும்பாலான நிலம் தனியார் கையில் இருக்கிறது. சாலை வரைபடம் வெளியான நாளிலிருந்து வாங்கி வைத்துக் காத்திருப்பவர்கள் அங்கே ஏராளம். சந்திப்புகளைச் சுற்றியுள்ள ஊர்களிலாவது நிலத் தொகுப்பும் மதிப்பு உயர்வுக் கட்டணமும் இப்போதே அறிவிக்கப்பட வேண்டும்; சாலைக்காக நிலம் விட்டவருக்கு அதே சந்திப்பில் ஒரு மனை கிடைக்க வேண்டும். முதல் லாரி தார் கொட்டிய பிறகு அந்த விலை யாருக்கும் எட்டாது.