சாயத்தைக் கட்டிய சங்கிலி

கிள்ளான் பள்ளத்தாக்கில் பால்மரம் சீவியோர், உறைந்த பால் இழுத்தால் நீள்வதை அறிவர். பாலிமர் எனும் நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளே அதற்குக் காரணம். அத்தகைய செயற்கைச் சங்கிலியில் சாயத்தைப் பிணைத்து, வெயிலிலிருந்து மின்சாரம் பெறும் வழியை ஆராய்ந்தவர், 1984இல் பட்னாகர் பரிசு பெற்ற சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப. நடராஜன்.

தயோனின் என்னும் ஊதாச் சாயம் ஒளிபட்டதும் இரும்பு அயனியிடமிருந்து எலெக்ட்ரானைக் கவரும். மின்வாயிடம் அதை ஒப்படைத்ததும் பழைய நிலையடைந்து மீண்டும் உழைக்கும். கிரியா ஊக்கியின் இயல்பும் இதுவே. ஆனால் நீரில் கரைந்து திரியும் சாயம், மின்வாயை எட்டுமுன் எலெக்ட்ரானை இரும்புக்கே திருப்பிக் கொடுத்துவிடுவதுண்டு. சங்கிலியில் கட்டி மின்வாய்மேல் பூசினால் அவ்விழப்புக் குறையும்.

சாயம் விழுங்கும் ஒளியின் நிறம் பிணைப்பையும், கண நேர ஒளித்துடிப்பு எலெக்ட்ரான் தாவும் விரைவையும் காட்டும். வெயிலில் சாயம் வெளுத்துப்போவதே பெருந்தடை.