டயர் வண்டிகளில் டயர் ஒழுங்கின்றித் தேய்வதற்குரிய காரணங்கள்

கரும்பு, நெல், எரு முதலியவற்றை ஏற்றிச் செல்லுவதற்கு இரும்புப் பட்டையிட்ட மரச் சக்கர வண்டியினும் டயர் வண்டி சிறந்ததென்பது குடியானவர்கள் அனுபவத்தில் கண்டதேயாகும். நல்ல பாதையில் அதே பாரத்தை இழுக்க மாடுகளுக்கு வேண்டிய பலம் குறைவு. ஆயினும் டயர் எங்கும் ஒரே சீராகத் தேயாமல் ஓரிடத்தில் மாத்திரம் தேயுமாயின் இந்த லாபம் குன்றிவிடும். இதனை டயரின் குற்றமென்று கருதிப் புது டயர் மாட்டுவோர் பலர். காரணம் நீங்காதவரையில் புது டயரும் அவ்வாறே கெடும். அன்றியும் டயரைத் தேய்க்கும் வீண் உராய்வு முழுவதையும் மாடுகளே இழுத்துத் தீர்க்கவேண்டும். எந்த இடம் தேய்ந்திருக்கிறதென்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் விளங்கும்.

இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பாகம் தேயாதிருப்பின், காற்றுக் குறைவு அல்லது மிகுபாரம் காரணமாகும். இந்நிலையில் டயரின் பக்கங்கள் ஓயாமல் மடிந்து நிமிர்வதால் சூடேறி, உள்ளிருக்கும் நூலடுக்குகள் அறும். பாரத்துடன் வழியில் வெடிப்பதும் உண்டு. நடுப்பாகம் மாத்திரம் தேய்ந்தால் காற்று அதிகமென்று கொள்க. டயர் குளிர்ந்திருக்கும்போது, செய்தவர்கள் குறித்துள்ள அளவுக்குக் காற்றடைக்கவேண்டும்.

இரு சக்கரங்களிலும் உள் ஓரம் மாத்திரம் தேயுமாயின், மிகுபாரத்தால் இருசு நடுவில் தாழ்ந்து, சக்கரங்களின் மேற்பாகம் உட்புறம் சாய்ந்திருத்தல் கூடும். வெறும் வண்டியைச் சமதரையில் நிறுத்தித் தூக்குநூல் பிடித்துப் பார்த்தால் சாய்வு தெரியும்.

டயரின் மேல் கையைக் குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும், எதிர்த்திசையில் ரம்பப்பல் போலவும் தட்டுப்பட்டால், சக்கரங்கள் நேராக உருளாமல் கோணலாக இழுபடுகின்றன என்பது பொருள். கல்லிலோ வரப்பிலோ மோதி இருசின் ஒரு முனை பின்னோக்கி வளைந்திருக்கலாம். குடத்தின் உயரத்தில், இரு டயர்களுக்கும் இடையேயுள்ள தூரத்தை முன்புறத்திலும் பின்புறத்திலும் அளந்து பார்க்கவேண்டும். இரண்டும் சமமாயிருத்தல் அவசியம். 2 செ.மீ. வித்தியாசம் இருந்தாலும், 70 செ.மீ. விட்டமுள்ள ஒவ்வொரு டயரும் 1 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 14 மீட்டர் தூரம் பக்கவாட்டில் உராயும். நுகத்தடி பொருந்தும் இடத்திலிருந்து இரு குடங்களுக்கும் கயிறு பிடித்து அளப்பதும் நலம். அந்த அளவுகள் வேறுபட்டால் இருசு ஏர்க்காலுக்குக் குறுக்காக நேரே அமையவில்லை. அதனால் ஒரு மாட்டின் பக்கம் ஏர்க்கால் நெருக்கும்.

அங்கங்கே குழி விழுந்தாற்போல் தேய்ந்தால் பேரிங்கு தளர்ந்திருக்கலாம், அல்லது ரிம் கோணியிருக்கலாம். வண்டிக்கு முட்டுக்கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் தளர்ச்சி புலப்படும். சுழற்றினால் கோணல் புலப்படும். ஒரே இடத்தில் தட்டையாகத் தேய்ந்தால், பிரேக் பிடித்த சக்கரம் உருளாமல் இழுபட்டதென்று அறியலாம். ஒரு டயர் மாத்திரம் மற்றதைவிட விரைவில் தேய்ந்தால், பாரம் ஒரு பக்கமாகச் சாய்த்து ஏற்றப்படுகிறதா என்று பார்ப்பது உசிதம்.

சோதிக்கும்போது முதலில் காற்று, பின்பு பாரம், அதன்பின் பேரிங்கு, கடைசியில் இருசு என்ற முறையில் செல்லுதல் நலம். முதல் இரண்டையும் செலவின்றித் திருத்தலாம். வளைந்த இருசைத் தேர்ந்த கொல்லரிடம் காட்டி, நிமிர்த்தத்தக்கதா மாற்றத்தக்கதா என்று நிச்சயித்துக் கொள்ளவேண்டும். குறை தீருமுன் டயர்களை இடம் மாற்றிப் போடுவதால் பயனில்லை; நல்ல டயரும் கெடுவதே மிச்சம்.

மிகுபாரம் டயருக்கு மாத்திரம் கேடன்று. 1965-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள், மாட்டின் அளவுக்கேற்ப ஏற்றத்தக்க பாரத்தை வரையறுத்துள்ளன. நாளொன்றுக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றி 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாதென்றும் விதித்துள்ளன. கரும்பு வெட்டுத் தொடங்குமுன் வண்டிகளைச் சோதித்து வைக்குமாறு கிராம அதிகாரிகள் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பார்களாயின், டயர்ச் செலவும் மாடுகளின் வருத்தமும் ஒருங்கே குறையும்.